எழுபத்தொன்பதைக் காணோம்

போன வியாழக்கிழமை ஆம்பூர் ஸ்டேஷனில் என் மானம் போனது.

பிளாட்பாரத்தில் தோல் மூட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். சத்தமாக எண்ணுவேன். தொழில் அப்படி. ஹிந்துஸ்தானியில் எண்ணுவேன். அதுவும் தொழில்தான். பக்கத்தில் மேற்கே போகிற பாசஞ்சர் நின்றது. எதற்கு நிற்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. கார்டும் இறங்கி நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அட்டத்தர்" என்றேன். எழுபத்தெட்டு. அடுத்த மூட்டை மேல் கை வைத்து "அஸ்ஸி" என்றேன். எண்பது.

"உன்னாசி எங்கே?"

குரல் பெண்கள் பெட்டியிலிருந்து வந்தது. ஜன்னலுக்கு மரச்சட்டம் இறக்கியிருந்தது. உள்ளே யார் என்று தெரியாது. உன்னாசி என்றால் எழுபத்தொன்பது. அதை நான் விழுங்கிவிட்டிருந்தேன்.

மூட்டை தூக்குகிறவர்கள் சிரித்தார்கள். பார்சல் கிளார்க் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கை மூட்டை மேலேயே நின்றுவிட்டது.

அந்தக் குரலை எனக்குத் தெரியும். முகம்? பார்த்ததில்லை. இனியும் பார்க்கப் போவதில்லை. ஆனால் இந்த வேலையும், இதை எழுதுகிற விரல்களும் அந்தக் குரல் கொடுத்தவை.

போன வாரம் இந்தப் பத்தியில் என் சேவல் காணாமல் போனது பற்றி எழுதினேன். இரண்டு பேர் தபால் கார்டு போட்டிருந்தார்கள். ஒருவர் ஆறுதல் சொல்லியிருந்தார். இன்னொருவர் குடியாத்தத்து வாத்தியார். அவருக்குச் சேவல் முக்கியமில்லை. "நீங்கள் ஹிந்துஸ்தானியில் எண்ணுகிறவராமே. என் வகுப்பில் நூறு எண்ணும் ஏறமாட்டேன் என்கிறது. பிரம்பு உடைந்ததுதான் மிச்சம். வழி உண்டா?" என்று கேட்டிருந்தார்.

உண்டு. நான் கற்ற கதையைச் சொல்கிறேன். வழி அதற்குள்ளேயே இருக்கிறது.

அப்போது நான் தோல் பதனிடும் டேனரியில் சுண்ணாம்புக் குழி ஆள். ஆட்டுத்தோலைச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப் போடுவார்கள். மயிர் இளகும். இறங்கி நின்று கையால் புரட்ட வேண்டும். ஏழு வருஷம் புரட்டினேன். சுண்ணாம்பு தோலைத் தின்னும். ஆட்டுத்தோலா, ஆள் தோலா என்று அது பார்ப்பதில்லை.

விரலெல்லாம் ஓட்டை. சோறு பிசைய முடியாது. உப்பும் புளியும் பட்டால் உயிர் போகும். என் சம்சாரம் அஞ்சலை பிசைந்து, உருண்டை பிடித்து, வாயில் கொடுப்பாள்.

"வாயத் தொற. எனக்கு மூணு புள்ளைங்கன்னு ஊர்ல சொல்றாங்க. நாலுன்னு எனக்குத்தான தெரியும்!"

சிரித்துக்கொண்டே சொல்வாள். பிறகு அந்தப் பக்கம் திரும்பி மூக்கைச் சிந்துவாள்.

வேலூருக்குப் போய் டாக்டரிடம் காட்டினேன். இன்னும் ஒரு வருஷம் குழியில் இறங்கினால் வலக்கையில் இரண்டு விரலை எடுக்க வேண்டி வரும் என்றார். களிம்பு கொடுத்தார். களிம்பு நல்ல களிம்பு. ஆனால் காலையில் பூசிக்கொண்டு எங்கே போவது? குழிக்குத்தான்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் டேனரி எண்ணிக்கைக்காரருக்கு முன்பல் நான்கும் விழுந்தது.

சிரிக்காதீர்கள். எண்ணிக்கைக்காரருக்குப் பல்தான் கை. பதப்படுத்திய தோலை வாங்க மெட்ராஸ் கிடங்கிலிருந்து ஆள் வருவார். குவியலுக்கு இந்தப் பக்கம் எங்கள் ஆள், அந்தப் பக்கம் அவர். இரண்டு பேர் தோலை ஒவ்வொன்றாய் எடுத்து வீசுவார்கள். எங்கள் ஆள் "ஏக்" என்பார். அவர் "தோ" என்பார். எங்கள் ஆள் "தீன்". அவர் "சார்". ஒற்றைப்படை எங்களுடையது. இரட்டைப்படை அவருடையது. நூறு வந்தால் ஒரு கூழாங்கல். இப்படி மாறி மாறிச் சொன்னால் ஒருவரை ஒருவர் ஏமாற்ற முடியாது. பழைய வழக்கம். முதலாளிமார் பாஷை ஹிந்துஸ்தானி, கிடங்கு பாஷையும் அதுதான். தமிழில் கூப்பிட்டால் அவர் வாய் திறக்கமாட்டார்.

யாராவது இடறினால்? பக்கத்தில் ஒரு பலகை இருக்கும். தப்பைக் கண்டவர் அதில் கையால் தட்ட வேண்டும். தட்டினால் குவியல் முழுவதும் முதலிலிருந்து. எந்த நூறில் தப்பு என்றெல்லாம் பேச்சு கிடையாது.

பல் போனவர் சொன்ன "பாஞ்ச்"சும் "சாத்"தும், அதாவது ஐந்தும் ஏழும், காற்றாகப் போனது. தினம் மூன்று தடவை தட்டு.

மேஸ்திரி சாயபு அறிவித்தார். "ரம்ஜான் கழிச்சு வர்ற முதல் சரக்கு. எவன் ஒரு குவியலை இடறாம கூப்பிடுறானோ, அவன் எண்ணிக்கைக்காரன். ஆளுக்கு ஒரு தரம்தான். இடறினா ஒரு வருஷம் இந்தப் பக்கம் தலைகாட்டக் கூடாது."

ஒரு வருஷம். டாக்டரும் ஒரு வருஷம் என்றுதான் சொல்லியிருந்தார்.

குழியில் என்னோடு நின்ற துரைக்கண்ணுவுக்கும் ஆசை. பட்டை இடிக்கிற தேவசகாயத்துக்கும் ஆசை. மூன்று பேரும் முன்ஷி சாயபு வீட்டுக்குப் போனோம். வயதானவர். மற்றவர்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பார், பிள்ளைகளுக்கு உருது சொல்லிக்கொடுப்பார். இழுப்பு நோய். பேசினால் மூச்சு வாங்கும்.

"எனக்கு... முடியாது" என்றார். "பொண்ணு சொல்லிக் குடுப்பா. திரைக்கு... அந்தப் பக்கம். நான் இந்தப் பக்கம் உக்காந்திருப்பேன்."

"ஐயாவுக்கு என்னா தரணும்?" என்றான் துரைக்கண்ணு.

உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. "வாரம் ஒரு கூடை பட்டைச் சக்கை. காஞ்சதா இருக்கணும். போன தடவ ஒருத்தர் ஈரச் சக்கை குடுத்து அடுப்பு ரெண்டு நாள் அழுதுச்சு."

சாறு போன ஆவாரம்பட்டையைத்தான் சக்கை என்போம். அடுப்புக்கு ஆகும். டேனரி வாசலில் மலையாகக் கிடக்கும். அதுதான் எங்கள் பள்ளிக்கூடச் சம்பளம்.

வெள்ளிக்கிழமை டேனரிக்கு லீவு. தொழுகை முடிந்து மூன்று மணிக்கு வகுப்பு. நாங்கள் வாசலிலேயே நின்றோம். குழி ஆள் மேல் ஒரு வாடை இருக்கும். எத்தனை குளித்தாலும் போகாது. கடைத்தெருவில் எங்களைக் கண்டால் மூக்கைப் பிடிப்பார்கள்.

"ஏன் அங்கேயே நிக்கிறீங்க? பாய் விரிச்சிருக்கே. உள்ள வாங்க."

"நாத்தம் அடிக்கும்மா" என்றான் தேவசகாயம்.

"ஆம்பூர்ல எந்த வீட்டுச் சோத்துல அந்த நாத்தம் இல்ல? உக்காருங்க."

உட்கார்ந்தோம். எங்களை 'நீங்க' என்று கூப்பிட்ட முதல் வீடு அது. பச்சைத் துணித் திரை. கீழே நாலு விரல் இடைவெளி. இந்தப் பக்கம் முன்ஷி சாயபு காவல். ஐந்தாவது நிமிஷம் காவல் தூங்கிவிட்டது.

உஸ்தானி என்று கூப்பிட்டோம். டீச்சரம்மா என்று அர்த்தம். என்னைவிட இரண்டு மூன்று வயது சின்னவராக இருக்கலாம். குரலை வைத்துச் சொல்கிறேன்.

ஒன்று இரண்டு ஒப்பிக்கச் சொல்வார் என்று காத்திருந்தோம். சொல்லவில்லை. திரைக்கு அடியில் ஒரு சின்ன முறம் வந்தது. மேலே புளியங்கொட்டைகள்.

"பாரா."

எண்ணினோம். பன்னிரண்டு கொட்டை.

இன்னொரு முறம். "பச்சீஸ்." இருபத்தைந்து.

பிறகு வெறும் முறம். "ஸிஃபர்." ஒன்றுமில்லை என்பதற்கும் ஒரு பேர். எனக்கு அது பிடித்திருந்தது.

அப்புறம் எங்கள் முறை. அவர் எண்ணைச் சொல்வார். நாங்கள் அத்தனை கொட்டையைத் தள்ள வேண்டும். அவர் உள்ளே கையால் தடவியே எண்ணுவார். தப்பு என்றால் முறம் திரும்பி வரும். திட்டு வராது. முறம் மட்டும் வரும்.

துரைக்கண்ணுவுக்கு ஒரு நாள் ஒரு கொட்டை குறைந்தது. ஒரு கல்லைப் போட்டுத் தள்ளினான்.

"துரைக்கண்ணண்ணே. புளியங்கொட்டை பதினொண்ணு. கல்லு ஒண்ணு. கல்லு எந்தப் பாஷையில புளியங்கொட்டை ஆகும்?"

தூங்கிக்கொண்டிருந்த முன்ஷி சாயபுவின் தாடி ஆடியது. தூக்கமா சிரிப்பா என்று தெரியவில்லை.

இதில் என்ன விசேஷம் என்று கேட்கிறீர்களா? ஒப்பித்தவனை நாற்பத்தாறு எது என்று கேட்டால், ஒன்றிலிருந்து ஓடி வருவான். வந்து சேர்வதற்குள் மூச்சு வாங்கும். அவர் எங்களை நடுவிலேயே இறக்கிவிட்டார். ஒவ்வொரு எண்ணும் தனியாக, தன் காலில் நின்றது.

ஹிந்துஸ்தானி எண் லேசில்லை. தமிழில் இருபத்தொன்று, இருபத்திரண்டு என்று படிக்கட்டு மாதிரி போகும். ஹிந்துஸ்தானியில் நூறு வரை ஒவ்வொன்றுக்கும் தனித்தனி பேர். ஒன்பதில் முடிவது இன்னும் மோசம். முப்பத்தொன்பதை 'நாற்பதுக்கு ஒன்று கம்மி' என்கிற மாதிரி சொல்வார்கள். எழுபத்தொன்பது வரை அப்படித்தான். எண்பத்தொன்பதுக்கு வந்ததும் வழியை மாற்றிவிடுவார்கள். எழுபத்தொன்பது உன்னாசி. எண்பத்தொன்பது நவாசி. அதில்தான் நான் விழுவேன். எத்தனை தடவை எழுப்பி நிறுத்தினாலும் விழுவேன்.

"இன்னா பாஷை உஸ்தானி இது? கோணலா இருக்கு" என்றான் துரைக்கண்ணு.

"உங்களுது நேரா? எட்டுப் பத்து எண்பது. அப்ப ஒன்பது பத்து என்ன ஆகணும்? தொண்ணூறுன்னு எங்கேர்ந்து வந்துச்சு?"

பிறந்ததிலிருந்து சொல்கிறோம். யாரும் யோசித்ததில்லை.

மூன்றாவது வாரம் ஒரு வேலை கொடுத்தார். "அடுத்த வெள்ளிக்கிழமை வர்றப்ப உங்க வீட்லேர்ந்து ஒரு எண் கொண்டு வாங்க. எதையாவது எண்ணிட்டு வாங்க. என்னன்னு சொல்லிட்டு, எத்தனைன்னு எங்க பாஷையில சொல்லணும்."

தேவசகாயம் மாதா கோயில் பெஞ்சுகளை எண்ணி வந்தான். "சத்தாயீஸ்." இருபத்தேழு.

துரைக்கண்ணு எழுந்தே நின்றான். "எங்க மாமியா காலைல கஞ்சி ஊத்துறதுக்குள்ள என்ன திட்டின திட்டு. தேந்தாலீஸ்!" நாற்பத்து மூன்று. உள்ளேயிருந்து இருமல் சத்தம். சிரிப்பை அடக்கினால் அப்படி இருமல் வரும்.

என் முறை. எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. வீட்டில் எண்ணும்படி என்ன இருக்கிறது? கையைப் பார்த்தேன்.

"விரல்ல ஓட்டை. சௌதா." பதினான்கு.

யாரும் சிரிக்கவில்லை. முன்ஷி சாயபு கண்ணைத் திறந்தார்.

உஸ்தானி, "சௌதா. சரியாச் சொன்னீங்க" என்றார். அவ்வளவுதான்.

அன்றிலிருந்து முறத்தில் கொட்டை தள்ளும் வேலை எனக்கு இல்லை. "மாணிக்கண்ணனுக்குத் தேவசகாயண்ணன் தள்ளட்டும். அவரு வாயால சொன்னாப் போதும்" என்றார். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வகுப்பு ஆரம்பிக்கும்போது என்னிடம் ஒரே கேள்வி.

"கையில எத்தனை?"

"பந்தரா." பதினைந்து. அடுத்த வாரம் "சோலா." பதினாறு. பாடமும் ஆயிற்று. விசாரித்த மாதிரியும் ஆயிற்று. இரக்கப்பட்டால் நான் கூசுவேன் என்று அவருக்கு யார் சொன்னார்கள்?

கடைசி மாசம் எதிர்க்கூப்பாடு. நாங்கள் ஒற்றைப்படை, உள்ளேயிருந்து இரட்டைப்படை. கிடங்கு ஆள் மாதிரியே வேகமாகச் சொல்வார். நடுவில் வேண்டுமென்றே ஒரு எண்ணை விழுங்குவார். நாங்கள் கண்டுபிடித்துத் தரையில் தட்ட வேண்டும். முதலில் மாட்டிக்கொண்டே இருந்தோம். பிறகு காது பழகியது. எண் ஒன்று விழுந்தால் காதுக்குள் ஒரு பள்ளம் தெரியும். நடக்கும்போது படி ஒன்று இல்லாமல் போனால் கால் திடுக்கிடுமே... அப்படி.

வீட்டிலும் அதே வேலை. அஞ்சலை உருண்டை கொடுக்கக் கொடுக்க, எண்ணிக்கொண்டே விழுங்குவேன்.

"இன்னாய்யா, சோத்தத் துன்றியா, சாயபு கடைக்குச் சரக்கு எண்ணுறியா?" என்பாள். ஒரு நாள் நான் "பாஞ்ச்" என்று நிறுத்தினேன். அவள் உருண்டையை நீட்டி "சே" என்றாள். ஆறு. அவளுக்கும் ஏறிவிட்டது.

வாத்தியார் ஐயா, கவனித்தீர்களா? இதில் எங்கேயும் பிரம்பு இல்லை. திரைக்குப் பின்னாலிருந்து பிரம்பு எட்டாது என்பீர்கள். திரையை எடுத்தாலும் அவர் எடுத்திருக்கமாட்டார்.

சரக்கு நாள் வந்தது. கிடங்கு ஆள் கரீம் பாய். ஒல்லி. வாயில் வெற்றிலை. வெற்றிலை இருந்தும் அவர் எண் தந்தி மாதிரி ஓடும்.

துரைக்கண்ணு முதலில் போனான். முப்பத்தொன்பதில் கவிழ்ந்தான். "மாமியா திட்டு அளவுக்குக் கூடப் போவல" என்று அவனே சொல்லிக்கொண்டு இறங்கினான். தேவசகாயம் முதல் நூறைத் தாண்டினான். இரண்டாவது நூறில் பயத்தில் வாய் உலர்ந்து, சத்தமே வரவில்லை.

நான் ஏறினேன். சுமார் நானூறு தோல் கொண்ட குவியல்.

"ஏக்." "தோ." "தீன்." "சார்."

முதல் நூறு போனது. கூழாங்கல் விழுந்தது. இரண்டாவது. மூன்றாவது. முதல் மூன்று நூறிலும் உன்னாசி சரியாக வந்தது. வந்ததும் என்ன தோன்றும்? இனிமேல் வரும் என்று தோன்றும். நாலாவது நூறு. எனக்குச் சோறு தெரிந்தது. என் கையால் நானே பிசைந்து தின்கிற சோறு.

"அட்டத்தர்" என்றார் கரீம் பாய். எழுபத்தெட்டு.

"நவாசி" என்றேன்.

"நவ்வே" என்றார். தொண்ணூறு.

அடுத்து நான் தொண்ணூற்றொன்று சொல்ல வேண்டும். வாய் திறந்தது. எண் வரவில்லை. காதுக்குள் பள்ளம்.

உன்னாசிக்குப் பதில் நவாசி என்றிருக்கிறேன். எண்பத்தொன்பது காதில் விழுந்ததும் அவர் வாய் தானாகத் தொண்ணூறுக்குப் போய்விட்டது. ஒரே அடியில் பத்துத் தோல் கூடிவிட்டது. கூடியது எங்கள் பக்கத்துக்கு.

மேஸ்திரி சாயபு கூழாங்கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார். கரீம் பாய் வெற்றிலையைத் துப்ப இடம் பார்த்தார். யாருக்கும் தெரியவில்லை. இன்னும் பத்துச் சொன்னால் போதும். நான் எண்ணிக்கைக்காரன். முதலாளிக்கும் நஷ்டமில்லை. லாபம்தான்.

எத்தனை நேரம் நின்றேன்? தோல் வீசுகிறவன் கையில் ஒரு தோல் தொங்கிக்கொண்டிருந்தது. அவ்வளவு நேரம்தான்.

பலகையில் தட்டினேன்.

"யாருடா தட்டுனது?" என்றார் மேஸ்திரி.

"நான்."

"யார் தப்பு?"

"என் தப்பு. உன்னாசியை விட்டுட்டேன்."

துரைக்கண்ணு தலையில் அடித்துக்கொண்டான். "அடப் பேமானி! நமக்குத்தானடா ஜாஸ்தி! வாய மூடிக்கினு போயிருக்கக் கூடாதா?"

மேஸ்திரிக்குக் கோபம் இல்லை. அலுப்புதான். நானூறு தோலையும் வெயிலில் திரும்ப எண்ண வேண்டுமே. "எறங்கு" என்றார். "குழிக்குப் போ."

போனேன்.

அன்றைக்கு அஞ்சலை உருண்டை பிடித்துக் கொடுத்தாள். நான் எண்ணவில்லை.

வெள்ளிக்கிழமை வகுப்புக்குப் போனேன். இனி எதற்கு என்று துரைக்கண்ணு வரவில்லை. தேவசகாயமும் வரவில்லை. எனக்கு வீட்டில் உட்கார முடியவில்லை. பாயில் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னேன். ஐந்து வார்த்தையில் சொல்லிவிட்டேன்.

முறம் வந்தது. நிறையக் கொட்டை.

"எண்ணுங்க."

எண்ணினேன். வலித்தது. ஒவ்வொன்றாய் எண்ணினேன். அட்டத்தர் வந்தது. முறம் காலி.

"எழுபத்தெட்டு. அவ்வளவுதான் இருக்கு" என்றேன்.

"அடுத்தது என்ன?"

"உன்னாசி."

திரைக்கு அடியில் ஒரே ஒரு கொட்டை உருண்டு வந்தது.

அதை வெகுநாள் வைத்திருந்தேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். இல்லை. அன்றைக்கு வழியிலேயே எங்கோ விழுந்துவிட்டது. ஆனால் அது உருண்டு வந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

"கையில எத்தனை?" என்று கேட்டார்.

"அட்டாரா." பதினெட்டு.

"சரி. அடுத்த வெள்ளிக்கிழமையும் வாங்க" என்றார்.

இரண்டு வாரம் கழித்து அடுத்த சரக்கு. கரீம் பாய் வந்தார். எண்ணிக்கைக்கு மேஸ்திரியே நின்றார்.

"அந்தத் தட்டுன ஆளு எங்கே?" என்று கேட்டாராம் கரீம் பாய்.

"அவன் இடறினவன், பாய்."

"நானும்தான் இடறினேன். நவ்வேன்னு சொன்னது யாரு? நானு. நீங்க தட்டல. நான் தட்டல. பத்துத் தோல் உங்களுக்கு ஜாஸ்தி. தெரிஞ்சு தட்டினான். எதிர்ல நிக்க எனக்கு அவன்தான் வேணும். இல்லேன்னா ஒவ்வொரு குவியலும் ரெண்டு தரம் எண்ணுவேன். இன்னா சொல்றீங்க?"

மேஸ்திரி சாயபு வெயிலைப் பார்த்தார். இரண்டு தரமா?

என்னைக் குழியிலிருந்து கூப்பிட்டார்கள். காலில் சுண்ணாம்போடு போய் நின்றேன். "ஏக்" என்றேன். கரீம் பாய் சிரித்துக்கொண்டே "தோ" என்றார். அன்றிலிருந்து இன்றுவரை குழியில் இறங்கவில்லை.

கை ஆற நாள் பிடித்தது. வெள்ளிக்கிழமை தோறும் பட்டைச் சக்கையோடு போவேன். வகுப்பு முடிந்துபோனாலும் போவேன். திரைக்குப் பின்னாலிருந்து அதே கேள்வி. "பாரா" என்றேன். "ஆட்" என்றேன். எட்டு. ஒரு வெள்ளிக்கிழமை "தீன்" என்றேன். மூன்று.

அதற்கு அடுத்த வாரம் முன்ஷி சாயபு காலமாகிவிட்டார். உஸ்தானியை அவர் அண்ணன் வந்து பெங்களூருக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். நான் சக்கைக் கூடையோடு போய் நின்றபோது வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டில் கூடையைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

பதினைந்து வருஷம் ஆகிறது. நான் படித்தது இரண்டாம் வகுப்பு. அதற்கு மேல் நான் படித்த பள்ளிக்கூடம் ஒரு பச்சைத் துணி. பெரிய பெரிய ஸ்கூல் கட்டடங்களைப் பார்க்கிறேன். கரும்பலகை, மணி, பெஞ்சு... எல்லாம் இருக்கிறது. முகம் காட்டாமல், அடிக்காமல், ஒரு முறமும் புளியங்கொட்டையும் வைத்து மூன்று முரட்டு ஆட்களுக்கு வேற்றுப் பாஷையில் எண்ணச் சொல்லிக்கொடுத்தாரே. அந்தத் திறமைக்கு எந்தக் கட்டடம் ஈடு?

இப்போது ஸ்டேஷனுக்கு வருவோம்.

உன்னாசி எங்கே என்று கேட்ட ஜன்னலைப் பார்த்து நின்றேன். அந்தப் பெட்டிப் பக்கம் போகக் கூடாது. போகவில்லை. நின்ற இடத்திலிருந்தே, "உஸ்தானி?" என்றேன்.

மரச்சட்டத்துக்குப் பின்னால் ஒரு இருமல். சிரிப்பை அடக்குகிற இருமல்.

கார்டு விசில் ஊதினார். நிற்கும்போது காரணம் சொல்லாத வண்டி, கிளம்பும்போது மட்டும் அவசரப்பட்டது. சக்கரம் அசைந்தது.

"மாணிக்கண்ணே, கையில எத்தனை?"

பிளாட்பாரம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. எனக்குக் கவலையில்லை. இரண்டு கையையும் மேலே தூக்கினேன். பத்து விரலையும் விரித்துக் காட்டினேன்.

"ஸிஃபர்!"

வண்டி போய்விட்டது. பார்சல் கிளார்க் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். நான் மூட்டைகளை ஏக்கிலிருந்து திரும்ப எண்ண ஆரம்பித்தேன். வேறு வழி? உன்னாசியை விட்டது உண்மைதானே!